மூட்டை வருஷம்

நகரசபைப் பதிவேட்டில் அவருக்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார். குடிநீர் நிலையத்தில் எல்லோருக்கும் அவர் வால்வு அண்ணன். ஊருக்குத் தண்ணீர் போகிற பெரிய குழாயின் வாயில், இரண்டு கையையும் விரித்துப் பிடிக்க வேண்டிய அளவுக்கு ஒரு இரும்புச் சக்கரம் உண்டு. இந்தப் பக்கம் திருப்பினால் ஊர் குளிக்கும், அந்தப் பக்கம் திருப்பினால் ஊர் திட்டும். மீசை முளைத்த வயதில் அதைப் பிடித்தவர் இன்னும் விடவில்லை. இந்த வருடக் கடைசியில் விட்டாக வேண்டும். அறுபது முடிந்தால் நகரசபை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அந்த 'வீட்டுக்கு' என்ற சொல்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

நிலையத்தில் மொத்தம் நான்கு பேர். வால்வு அண்ணன், குழாய் வேலைக்கு ஒரு ஃபிட்டர், மோட்டாருக்கு ஒரு எலக்ட்ரீஷியன், தண்ணீரில் மருந்து கலக்க ஒருவர். மருந்து கலக்குகிறவருக்குக் குளோரின் என்றே பெயர். ஒரு காலத்தில் ஆளுக்கொரு வேலைதான் இருந்தது. போனவர்கள் இடத்துக்கு நகரசபை ஆள் போடாமலே விட்டதில், இருக்கிறவர்கள் எல்லா வேலையும் கற்றுக்கொண்டார்கள். வால்வு அண்ணன் இல்லாத நாளில் ஃபிட்டர் சக்கரத்தைத் திருப்புவான். அவன் அவருக்கு மகன் வயதுக்காரன், கைவேலை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஞாயிற்றுக்கிழமைதான் ஊர் அதிகமாகக் குளிக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களிலும் ஒருவர் வந்தாக வேண்டும், வருகிறவருக்கு இரட்டைச் சம்பளம். வழக்கமாக முறை வைத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆனால் ஒருவருக்கு ஓய்வு பெறுகிற கடைசி வருடம் பிறந்துவிட்டால் மற்ற மூவரும் கையை எடுத்துவிடுவார்கள். அந்த வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் போகிறவருக்கே. ஏனென்றால் கடைசி வருடம் வாங்கிய மொத்தச் சம்பளத்தை வைத்துத்தான் நகரசபை பென்ஷனைக் கணக்குப் போடும். கடைசி வருடம் பருத்தால் ஆயுசுக்கும் பென்ஷன் பருக்கும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் மூட்டை வருஷம். போகிறவனை மூட்டையைக் கட்டு என்று விரட்டுகிறீர்களா, இல்லை அவனுக்கு மூட்டை கட்டிக் கொடுக்கிறீர்களா என்று யாராவது கேட்டால், ரெண்டும்தான் என்று சிரிப்பார்கள்.

ஊர்க் காசில் காட்டுகிற தாராளம்தானே இது என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் தன் வீட்டில் ஆயிரம் ஓட்டை இருக்கும்போது, ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைக் கூலியை இன்னொருவனுக்காக விட்டுக்கொடுக்கிற மனிதர்களையும் நாம் அடிக்கடி பார்ப்பதில்லை. வால்வு அண்ணன் தனக்கு முன்னால் போன எத்தனையோ பேருக்கு விட்டுக்கொடுத்தவர். இப்போது அவர் முறை வந்திருந்தது.

அந்த முறைக்கு அவரைவிட அதிகமாகக் காத்திருந்தவள் அவர் மனைவி. அந்த வீட்டில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில். பால்கனி வைத்த வீட்டுக்குப் போகலாமா? உங்க மூட்டை வருஷம் வரட்டும். முழங்காலை நல்ல டாக்டரிடம் காட்டலாமா? மூட்டை வருஷம் வரட்டும். கடல் தாண்டி இருக்கும் மகளை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? அதுவும் அப்போதுதான். மூட்டை வருஷம் பிறக்கச் சில மாதங்கள் இருக்கும்போது, போன மழைக்காலத்தில், சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அவர்கள் இருவருக்குள்ளும் ஒரு வேடிக்கையான பழக்கம் இருந்தது. நிலையத்திலிருந்து போகும் குழாயில் முதல் தெருவே அவர்கள் தெரு. சமையலறைக் குழாயில் நிலையத்துத் தண்ணீர் நேராக வரும். இங்கே சக்கரத்தைச் சட்டென்று கொஞ்சம் மூடித் திறந்தால், அங்கே குழாய் தொண்டையைச் செருமிக்கொள்ளும். மதியம் சாப்பிட வீட்டுக்குப் போகிறவர், வேலை இழுத்துவிட்டால் சக்கரத்தை இரண்டு முறை அப்படிச் செய்வார். குழாய் இரண்டு முறை செருமினால், 'வர நேரமாகும், நீ சாப்பிடு' என்று அர்த்தம். அவள் குழாயைப் பார்த்து, "சரி" என்பாள். அம்மா குழாயோடு பேசுவதை முதன்முதலில் பார்த்த மகள், அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அழுதே விட்டாள். ஒரு புருஷன் பெண்டாட்டிக்குத் தகவல் சொல்ல, அந்தத் தெருவே சோப்பு நுரையோடு குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். கைபேசி வந்த பிறகும் இருவரும் இதை விடவில்லை. "அண்ணன் அண்ணிக்குக் கண்ணடிக்கிறாரு" என்று நிலையத்தில் கேலி பேசுவார்கள்.

அவள் போய், எல்லாம் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள். மதிய நேரத்தில் மோட்டாரில் ஏதோ தகராறு. வேலை இழுக்கும் என்று தெரிந்ததும் அவர் கை தன்னால் போய்ச் சக்கரத்தை இரண்டு முறை மூடித் திறந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஃபிட்டர் பார்த்துவிட்டான். பார்க்காதவன் போலக் குனிந்து ஸ்பானரைத் தேடினான். ஸ்பானர் அவன் கையிலேயே இருந்தது. அதற்குப் பிறகு வால்வு அண்ணன் அப்படிச் செய்ததில்லை.

ஆக, மூட்டை வருஷம் பிறந்தபோது மூட்டையை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் நன்றாக இருக்கிறாள். அவருக்குத் தேவை கொஞ்சம் சாப்பாடும் ஒரு கட்டிலும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும். அது மட்டும் கண்டிப்பாக வேண்டும்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. காலையில் நாற்காலியில் போட்ட துண்டு, மாலையில் அதே நாற்காலியில் அதே மடிப்போடு கிடக்கும். எடுத்து வைத்துவிட்டுத் திட்ட ஆளில்லை. எந்தப் பொருளும் வைத்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்பதுதான் அவரை அந்த வீட்டில் உட்காரவிடாமல் செய்தது. சமைப்பார். தட்டில் போட்டு எதிரே வைத்துக்கொண்டால் தொண்டையில் இறங்காது. அதே சாப்பாட்டை டப்பாவில் அடைத்து நிலையத்துக்குக் கொண்டுபோய், மோட்டாரின் உறுமலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மடமடவென்று இறங்கும். ஞாயிற்றுக்கிழமையும் நிலையத்தில் யாரும் இல்லைதான். ஆனால் மோட்டார் ஓடும், அழுத்தம் காட்டுகிற முள் ஆடும், தண்ணீர் போகும். ஏதாவது ஒன்று அசைந்துகொண்டே இருக்கும்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "நல்லா கட்டுங்கண்ணே மூட்டையை" என்று மற்றவர்கள் தோளில் தட்டும்போது சிரித்துக்கொள்வார். ஃபிட்டர் வீட்டில் அப்போதுதான் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. பால் பவுடர் வாங்கி மாளவில்லை என்று அவன் புலம்பும்போது மட்டும் அவருக்கு நெஞ்சில் சுருக்கென்று இருக்கும். எனக்குக் காசு வேண்டாம், எனக்கு வீட்டுக்குப் போகத்தான் முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆம்பளை வாய், அதெல்லாம் சுலபமாகத் திறக்காது.

வருடத்தின் நடுவில் நகரசபைக்குப் புதிதாக ஒரு நிதி அதிகாரி வந்தார். சின்ன வயதுப் பெண். வந்த வேகத்தில் ஆளில்லாத அறைகளின் மின்விசிறியிலிருந்து தலைவரின் இரண்டாவது கார் வரை வெட்டியதில், கத்தரி என்று பெயர் விழுந்தது. கத்தரி ஒருநாள் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். வருகிற வரியில் பெரும்பங்கு சம்பளத்துக்கும் பென்ஷனுக்குமே போகிறது, ஒழுகுகிற குழாயை மாற்றக்கூடக் கையில் மிச்சமில்லை, இப்படியே போனால் சில வருடத்தில் பென்ஷனே கொடுக்க முடியாமல் போகும் என்றார். குழாய் ஒழுகுவது வால்வு அண்ணனுக்குத் தெரியும். அந்த அம்மா சொல்வது நியாயம் என்று அவர் மனதுக்குள் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வெட்டு விழுந்தது. இனிமேல் பென்ஷன் அடிப்படைச் சம்பளத்தை வைத்து மட்டும்தான். கூடுதல் நேரத்துக்கு வாங்கியது எதுவும் அதில் சேராது.

மூட்டை வருஷம் அதோடு செத்தது.

நிலையத்தில் ஒரே கொதிப்பு. "அண்ணன் வயித்துல அடிச்சுட்டாங்க" என்று எலக்ட்ரீஷியன் குதித்தார். வழக்குப் போடலாம் என்றார் குளோரின். வால்வு அண்ணன் "விடுங்கப்பா" என்றார். அவர் பெருந்தன்மையைப் பார்த்து எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. பாவம், அவர் மனம் வேறு எங்கோ கிடந்தது அவர்களுக்குத் தெரியாது.

கொதிப்பு அடங்கிய பிறகு ஃபிட்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டான். கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்தான், துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வந்தாலும் இனிமே உங்க பென்ஷனுக்கு அது பிரயோஜனமில்லன்னு ஆயிடுச்சு. அதனால... பழையபடி முறை வச்சுக்கலாமா? எனக்கு ரெட்டைப் புள்ளைங்கண்ணே."

"இதுல கேக்க என்னடா இருக்கு? தாராளமா எடுத்துக்க. நானும் எத்தனை நாள்தான் ஓடுறது. என் முறையையும் நீயே பாரு."

சொன்ன வாய் அவருடையதுதான். பெரிய மனுஷ வாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தார். காலையில் துணி துவைத்தார். துவைத்த துணியைக் காயப் போட்டார். கீழ் வீட்டில் யாரோ யாரையோ திட்டினார்கள், அது நின்றபோது இவருக்கு வருத்தமாக இருந்தது. மகள் போனில், "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள். "ஆச்சும்மா" என்று பொய் சொன்னார். தண்ணீர் வருகிற நேரத்தில் ஃபிட்டர் சக்கரத்தைத் திருப்புவது குழாயில் தெரிந்தது. அவன் கை அவசரக் கை, தண்ணீர் முட்டிக்கொண்டு வரும். வெயில் இறங்குவதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் மதியம் நகரசபைக் கட்டடத்தில் கத்தரியின் அறைக் கதவைத் தட்டினார். பெரிய அறை. அந்த அம்மா மேசையின் ஒரு ஓரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வராந்தாவின் மறுகோடியில் மற்றவர்கள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் சத்தம் இங்கே வரை கேட்டது. இவரைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பென்ஷனுக்குச் சண்டை போட வந்த இன்னொருவர் என்று நினைத்திருக்க வேண்டும்.

"சொல்லுங்க பெரியவரே. உங்க கடைசி வருஷம்னு தெரியும். ஆனா ஒருத்தருக்காக விதியை மாத்த முடியாது."

"பென்ஷன் விஷயமா வரலம்மா. நீங்க போடுறதைப் போடுங்க. எனக்கு ஞாயித்துக்கிழமை வேலைக்கு வரணும்."

"ரெட்டைச் சம்பளமா?"

"சம்பளமே வேண்டாம். முறைக்காரர் அவர் பாட்டுக்கு வரட்டும். நான் சும்மா ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன். ஏதாவது துடைக்கிறது, எண்ணெய் போடுறது..."

அந்த அம்மா அவரையே பார்த்தார். இதில் என்ன சூது இருக்கிறது என்று தேடுகிற பார்வை. நிதி அதிகாரி வேலை அப்படி, குறை சொல்வதற்கில்லை.

"சும்மா யாரையும் வேலை செய்ய விடக் கூடாது. கை கால் மாட்டுச்சுன்னா யாரு பொறுப்பு? நாளைக்கே ஓசியில வேலை வாங்கினாங்கன்னு கேஸ் வரும். ஏன் வரணுங்கிறீங்க?"

இங்கேதான் அவர் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. மூடிய டப்பாவைப் பார்த்தார். தனியாகச் சாப்பிடுகிற ஒருத்தியிடம் தனியாகச் சாப்பிட முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?

"அந்த மோட்டார் சத்தம் பழகிடுச்சும்மா. அது இல்லாம நல்லா இல்ல."

அந்த அம்மா பேனாவை விரலில் உருட்டினார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "சரி, இப்படிச் செய்யலாமே. நீங்க ஞாயித்துக்கிழமை சாதாரணச் சம்பளத்துக்கு வாங்க. அதுக்குப் பதிலா வேற ஒரு நாள் லீவு எடுத்துக்குங்க. ஒத்துப்பீங்களா?"

அவர் காதில் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் மட்டும்தான்.

"ஒத்துக்கிறேம்மா."

"மத்தவங்க?"

"நல்ல பசங்கம்மா. அவங்க என்ன சொல்லப் போறாங்க."

"இது ஏன் இத்தனை நாள் யாருக்கும் தோணல?" என்று அந்த அம்மா தனக்குள் சொல்லிக்கொண்டார். அவரை வாசல் வரை வந்து வழியனுப்பினார். அந்தக் கட்டடத்தில் அன்று அவரைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆள் கத்தரிதான்.

அடுத்த வாரம் நிலையத்துப் பலகையில் உத்தரவு ஒட்டப்பட்டது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மற்ற நாட்களைப் போல ஒரு வேலை நாள். நான்கு பேருக்கும் வாரத்தில் வெவ்வேறு நாள் ஓய்வு. வால்வு அண்ணனுக்குப் புதன்கிழமை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரட்டைச் சம்பளம் என்பது இனிக் கிடையாது. கீழே, மரியாதை செய்வதாக நினைத்து, அந்த அம்மா ஒரு வரி சேர்த்திருந்தார்: மூத்த ஊழியர் ஒருவர் தாமாக முன்வந்து தந்த யோசனையின்படி.

மூத்த ஊழியர் என்று அங்கே இருந்தது ஒருவர்தான்.

எலக்ட்ரீஷியன் உத்தரவை உரக்கப் படித்து முடித்து இவர் பக்கம் திரும்பினார். "எங்களுக்கெல்லாம் நல்லா மூட்டை கட்டிட்டீங்கண்ணே" என்றார். அதுதான் அவர் இவரோடு கடைசியாகப் பேசிய பேச்சு. குளோரின் அதுவும் பேசவில்லை. ஃபிட்டர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். என் முறையையும் நீயே பார் என்று சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் போய் மொத்தத்தையும் கெடுத்துவிட்டு வந்த மனிதரை அவன் என்னவென்று நினைப்பான்? தனக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்கக் கூடாது என்கிற வயிற்றெரிச்சல் என்று எலக்ட்ரீஷியன் முடிவு கட்டிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது.

வால்வு அண்ணன் சக்கரத்தைத் துடைக்கப் போய்விட்டார். நான் நினைத்தது இது இல்லை என்று ஆரம்பித்தால், பிறகு என்ன நினைத்தீர்கள் என்று கேட்பார்கள்.

அதன் பிறகு நிலையத்தில் அவரோடு வேலை மட்டும்தான் பேசியது. "திறந்தாச்சு." "மூடியாச்சு." "முள் ஏறுது." அவ்வளவுதான். மதியம் மூன்று டப்பாக்களும் கொட்டகைக்கு அடியில் ஒன்றாகத் திறக்கும். இவர் அங்கே வந்தால் பேச்சு நின்றுவிடும். அதனால் இவர் மோட்டார் அறைக்கு உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். ஆசைப்பட்ட மோட்டார் சத்தம் காது நிறையக் கிடைத்தது. இப்போது அதன் பக்கத்திலும் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை வந்தது. அதைப் பற்றி அவர் யோசித்தே இருக்கவில்லை. முன்பு மூட்டை வருஷத்தில் ஏழு நாளும் வேலை. இப்போது ஞாயிறு கையில் இருக்கிறது, ஆனால் நடு வாரத்தில் ஒரு நாள் ஓட்டை விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையாவது கட்டடத்தில் மனிதர்கள் இருப்பார்கள். புதன்கிழமை எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட, மாடிப்படியில் காலடிச் சத்தம்கூட இல்லை. ஒன்றிலிருந்து தப்பிக்கப் போய் அதைவிடப் பெரியதில் மாட்டிக்கொண்டார். காலையிலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு நிலையத்து வாசல் வரை போனார். குளோரின் கதவருகே நின்றார், "இன்னிக்கு உங்களுக்கு லீவு" என்றார், உள்ளே போய்விட்டார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

திரும்பி வந்து சமையலறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலி அவள் உட்காருவது. அதிலிருந்து பார்த்தால் குழாயும், ஒரு துண்டு சுவரும், அடுத்த கட்டடத்தின் மூடிய ஜன்னலும் தெரிந்தன. மதியம் தண்ணீர் வந்தது. முட்டிக்கொண்டு வந்தது. ஃபிட்டர் கை. அவர் எழுந்து போய் விரலை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்.

அப்போதுதான் அது அவருக்கு உறைத்தது. வேலை, வேலை என்று அவர் சக்கரத்தோடு நின்ற அத்தனை வருடமும் வாரத்தில் ஆறு நாள் அவள் இங்கே இதே நாற்காலியில், இதே குழாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். புதன்கிழமைகள் எல்லாம் அவளுக்கு இப்படித்தான் இருந்திருக்கின்றன. இரண்டு செருமல்தான் அவளுக்கு வந்த பேச்சு. அதற்கும் அவள் கோபித்துக்கொள்ளாமல் 'சரி' சொல்லியிருக்கிறாள். வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவள் ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை. குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்று அழுதார். நிறைய நாளாக அழ வேண்டியிருந்த அழுகை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை, வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபிட்டர் பின்னால் வந்து நின்றான். மற்ற இருவரும் போய்விட்டிருந்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த அம்மாகிட்ட ஏன் போனீங்க? உங்களுக்குப் பிடிக்கலைன்னா என் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் குழாயை மூடினார். ஈரக் கையைத் துடைக்கவில்லை.

"நான் உன் முறையைக் கேக்கப் போகலடா. சம்பளம் வேண்டாம், சும்மா ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்னு கேக்கப் போனேன்."

"சும்மாவா? எதுக்கு?"

"வீட்டுக்குப் போகப் பயமா இருந்துச்சு."

சொல்லியாகிவிட்டது. இவ்வளவு சின்ன வாக்கியமா என்று அவருக்கே ஆச்சரியம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"உள்ள போனா வச்சது வச்ச இடத்துல இருக்குடா. சாப்பாடு இறங்க மாட்டேங்குது. இங்க வந்தாத்தான் இறங்கும். மூட்டையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அப்பவே உங்கிட்ட சொல்லியிருக்கணும். வாய் வரல."

"அந்த அம்மாகிட்ட மட்டும் வாய் வந்துச்சா?"

"அவங்ககிட்டயும் இதைச் சொல்லல. மோட்டார் சத்தம் பிடிக்கும்னு சொன்னேன்."

ஃபிட்டர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாதவன் போல மூக்கை உறிஞ்சினான். பிறகு கேட்டான். "என் புள்ளைங்க பால் போச்சுண்ணே. அது உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே ஆள் மாத்தி ஆள் வந்து உங்ககூட உக்காந்திருப்போம்."

அவர் தலையாட்டினார். அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். போகிறபோது எப்போதும் சொல்கிற "வரேண்ணே"யைச் சொல்லவில்லை. அவன் சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை அவர் வாசலிலேயே நின்றார். அவன்மேல் அவருக்குத் துளியும் கோபம் இல்லை. மன்னிப்பு வாங்கக் கூடிய கணக்கும் இது இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. உத்தரவு உத்தரவுதான், அந்த இரட்டைச் சம்பளம் இனி யாருக்கும் திரும்பி வராது.

மறுநாள் புதன்கிழமை. எழுந்தார், குளித்தார், கொஞ்சமாகச் சமைத்தார். தட்டில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, வழக்கம் போல அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எதிர்க் கட்டடத்து ஜன்னல் மூடியே இருந்தது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

மதியம் குழாயில் தண்ணீர் வந்தது. எப்போதும் போல முட்டிக்கொண்டு வரவில்லை. யாரோ கையை அடக்கி, மெதுவாகத் திருப்பியது போல இழைந்து வந்தது. வேறு யாராவது டியூட்டியா என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

குழாய் செருமியது. நின்றது. மறுபடி ஒருமுறை செருமியது.

மேல் மாடியில் யாரோ, "ஐயய்யோ, சோப்பு போட்டிருக்கேன்" என்று கத்தினார்கள். பிறகு தண்ணீர் ஒழுங்காக விழுந்தது.

அவர் எழுந்து போய்க் குழாய்க்கு முன்னால் நின்றார். வர நேரமாகும், நீ சாப்பிடு. அதற்கு அது ஒன்றுதான் அர்த்தம், வேறு அர்த்தம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவரும் ஒருமுறை செருமிக்கொண்டார்.

"சரி" என்றார்.

குழாயை மூடிவிட்டு, நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.